கேக்குக்குள் போன திருகாணி

என் ஓரகத்தி மதலேனைப் பற்றி ஆலங்குடியில் யாரிடம் கேட்டாலும் முதலில் கேக்கைத்தான் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் அவள் வீட்டுப் பக்கமே வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும். மகன் வாங்கிக் கொடுத்த ஓவன் சூடாவதற்குள் அவள் சூடாகிவிடுவாள். அடுத்த தெருவிலிருந்து உதவிக்குப் போகிற என்னை முந்திரி உடைக்கவும் மாவு சலிக்கவும்தான் விடுவாள். முட்டை அடிக்க விடமாட்டாள். நான் அடித்தால் கேக்கு கல்லாகிவிடுமாம். பேச்சைப் பாருங்கள்.

அவர்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு அவளுடையது ஒன்றுதான். தீபாவளிக்கு வருகிற முறுக்குக்கும் பெருநாளைக்கு ரஹீமா பீவி வீட்டிலிருந்து வருகிற பிரியாணிக்கும் அவள் திருப்பிச் செய்கிற மரியாதை அந்தக் கேக்கு. ரஹீமா பீவி வீட்டை நினைத்தே உலர்ந்த திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் மட்டும் ஊறவைப்பாள், ரம் பாட்டிலைக் கிட்டே சேர்க்கமாட்டாள். அந்த மாதத்தில் பாதித் தெரு சபரிமலைக்கும் பழனிக்கும் மாலை போட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மாலை போட்டவருக்குத்தானே விரதம், வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டால் என்ன என்பாள். வருடா வருடம் ஒவ்வொரு வீட்டிலும் கேக்கு சூப்பர் என்று சொல்லியும் விடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டால் இவளுக்குத் தலைகால் புரியாது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். காலையிலேயே எல்லா வீட்டுக்கும் கேக்கைக் கொடுத்துவிட்டு வந்து தலை வாரப் போனவள், கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு காதில் கம்மல் கழன்று ஆடியது. பின்னால் திருகாணி இல்லை. மாவு கலக்கும்போது பாத்திரத்தில் ஏதோ 'டங்'கென்று விழுந்ததும், முந்திரிதானே என்று விட்டுவிட்டதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வீட்டுக்கென்று வைத்திருந்த கேக்கைப் பிய்த்து உதிர்த்துப் பார்த்தோம். அதில் இல்லை.

"பச்சப்புள்ள எதாச்சும் முழுங்கி வச்சுச்சுன்னா நான் என்னாடி செய்வேன்?" என்றாள். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

முதலில் எதிர்வீட்டுக் கலைமதி. அவள் புருஷன் நாகராசு ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் இரண்டு. பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டார்களா என்று மதலேன் மூச்சிரைக்கக் கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் கலைமதி. மதலேன் நெஞ்சில் கைவைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சரி, கேக்கைக் கொண்டு வா, வெட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். கலைமதி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மென்று முழுங்கி ஒருவழியாகச் சொன்னாள். மாலை போட்ட வீட்டுக்குள் முட்டை நுழையக்கூடாதாம். அதனால் கேக்கு வந்த கையோடு ரஹீமா பீவி வீட்டுக்குப் போய்விட்டதாம்.

அதனால் என்ன, பிள்ளைகள் பிழைத்தார்களே என்று மதலேன் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே காத்தாயி சிவப்புச் சேலையில் நின்றாள். மேல்மருவத்தூருக்கு மாலை. அவள் வீட்டிலும் யாரும் தொடவில்லை. கேக்கு ரஹீமா பீவி வீட்டில். அதற்கடுத்து, பழனிக்கு நடக்கப்போகிற உதயசூரியன் வீடு. கேக்கு எங்கே? ரஹீமா பீவி வீட்டில்.

யாரும் தின்னவில்லை என்பதைக் கேட்கத்தானே ஓடிவந்தோம்? ஒவ்வொரு வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிக்கொண்டே போனது. மூன்றாவது வீட்டில் ஆண்டவருக்கு நன்றி சொல்லவும் மறந்துவிட்டாள்.

ரஹீமா பீவி வீட்டுக் கூடத்தில் மேசைமேல் மதலேனின் கேக்குகள் வரிசையாக இருந்தன. அவள் கட்டிய சிவப்பு ரிப்பன்கூட அவிழவில்லை. ஒன்று மட்டும் வெட்டியிருந்தது, பேரப்பிள்ளைகள் வாயெல்லாம் தூளாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் திருகாணியை முழுங்கிவிட்டார்களா என்று நான் கத்திவிட்டேன். ரஹீமா பீவி பதறாமல் உள்ளே போய், கிண்ணத்தில் எதையோ எடுத்து வந்தார். கத்தி தட்டியதாம், கழுவி வைத்தாராம், தொழுதுவிட்டுத் தானே கொண்டுவரலாம் என்றிருந்தாராம்.

திருகாணிதான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மதலேன் அதைப் பார்க்கவே இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டு, "இந்த வருசந்தானாக்கா?" என்று கேட்டாள்.

ரஹீமா பீவி என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "வருசா வருசம் இங்கிட்டுத்தானம்மா வரும். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவாவது செய்திருக்கலாம். இத்தனை வருடமும் சூப்பர் சூப்பர் என்றவர்கள் ஒருத்தர்கூட வாயில் வைத்ததில்லையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு? அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மனசு நோகக்கூடாதென்றுதான் மறைத்தார்கள் என்று அவர்களுக்காகப் பரிந்தும் பேசினாள்.

வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. நாகராசு, கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வேலை விட்டு வருகிறார். நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. வழக்கம்போலச் சிரித்தார்.

"அக்கா, கேக்கு பிரமாதம். புள்ளைக சண்ட போட்டுக்கிட்டுத் தின்னுச்சுக."

மதலேன் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலைக்குப் போய்விட்டு என்றைக்குத் திரும்புவார் என்று விசாரித்தாள். தை பிறந்து இரண்டு மூன்று நாளாகும் என்றார்.

"போயிட்டு வந்து மாலையக் கழட்டுங்க சாமி. மறுபடி சுட்டுத் தாரேன். எம் முன்னாடி உக்காந்து ஒரு வாய் தின்னுட்டு அப்பறம் சொல்லுங்க, பிரமாதம்னு."

நாகராசு எதிரே தன் வீட்டைப் பார்த்தார். கலைமதி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.