கதவோரத்து சீட்டும் முதல் பத்து நிமிஷமும்

எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் கையிலிருந்து தோல் வாசனை போகாது. அந்தக் கையால்தான் ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில் முறுக்கு தின்போம்… நானும் ஸ்டெல்லாவும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, தையல் செக்ஷன். பக்கத்துப் பக்கத்து மெஷின்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் ஹைவேயில் பைக் மோதி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்த நாலாம் நாளே மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். சினிமா மட்டும் வேண்டாம் என்பாள். யாராவது சாவதைப் பார்க்கத் தெம்பில்லையாம்.

"முதல் பத்து நிமிஷம் பாக்கலாம்டி. சாவுற படம்னா எழுந்து வந்துடலாம்" என்று நான்தான் விடாமல் இழுத்தேன்.

அதனால் எப்போதும் கதவோரத்து சீட்.

பத்து நிமிஷத்தில் படத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். மழை பெய்து, கேமரா ஒருவன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து, மியூசிக் இல்லாமல் மூச்சு மட்டும் கேட்டால் கொலைப் படம். எழுந்துவிடுவோம். கார் கதவு திறந்து ஒரு ஷூ மட்டும் தரையில் இறங்கினால், தியேட்டரே முகத்துக்குக் காத்திருக்கும். நாங்கள் தையலைப் பார்ப்போம்.

"இன்னாடி இது, ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு! இவன்லாம் ஒரு வில்லனா? நம்ம சூப்பர்வைசர் பாத்தா ரிஜெக்ட் பண்ணிடுவாரு" என்பேன்.

முன் சீட்டில் திரும்பி முறைப்பார்கள். அவள் சிரிப்பதைப் பார்க்கவே நான் டிக்கெட் எடுப்பேன்.

ஒருநாள் ஏமாந்துபோனோம்.

படம் விடியலில் ஆரம்பித்தது. புல்லாங்குழல்… வாசலில் கோலம்… வீடு நிறைய ஆட்கள். கேமரா சமையல்கட்டு வரை நிதானமாக நடந்து வந்தது. "குடும்பப் படம்டி, பயமே வேணாம்" என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

இடைவேளைக்கு முன்னால், அந்த வீட்டு மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"உக்காரு. அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா பண்றான்னு பாக்கணும்."

கடைசி வரை பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அதுக்கப்புறம் படம் முழுக்க புருஷன் போட்டோ முன்னாடி உக்காந்துனே இருந்தா… வேலைக்குப் போனாளா இல்லியான்னு காட்டவே இல்லியேடி."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது செல்போனில் படத்தின் பெயருக்குக் கீழேயே திரில்லர், ஃபேமிலி என்று எழுதிவிடுகிறார்கள். என் மகள் ஆரம்பத்தையே தள்ளிவிட்டுப் பார்க்கிறாள். எனக்கு மனசு வருவதில்லை.

போன வாரம் ஏதோ ஒரு படம் போட்டேன். மியூசிக்கே இல்லை. சுவரில் மாலை போட்ட ஒரு ஆள் போட்டோ. டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். அப்புறம் ஒரு கம்பெனி கேட், சங்கு ஊதுகிறது, செருப்புக் கால்கள் கூட்டமாக உள்ளே போகின்றன… நடுவில், அந்த டிபன் பாக்ஸோடு ஒருத்தி.

படத்தை நிறுத்திவிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்.

"ஸ்டெல்லா… இதுல அவ வேலைக்குப் போறாடி. முதல் சீன்லயே."

"இரு, வர்றேன். அதுக்குள்ள ஓட்டிடாத."