வாடி இருந்த இடத்தில் ஓடுபாதை

அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பி வேலிக்குள் ஓடி, விமானத்தின் முன்னால் போய் நின்றிருந்தால் ஏற்றியிருப்பார்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. மூச்சு முட்டு வந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. சோளகக் காற்று பலமாக அடித்த நண்பகல். கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் போக வேண்டும். கடலோ கொந்தளித்துக் கிடந்தது. வேலிக்கு அப்பால், உல்லாசப் பயணிகளை இறக்கிவிட்ட சிறிய விமானம் சும்மா நின்றது.

எங்கள் தீவின் ஓடுபாதை யுத்த காலத்தில் இராணுவம் போட்டது. பிறகு அது கழுதைகள் படுக்கும் இடமானது. நாங்கள் அதில்தான் சைக்கிள் பழகினோம். நான் பாடசாலையில் படித்த காலத்தில் ஒரு ஹோட்டல் கம்பெனி வந்து, அதை நீட்ட வேண்டும், கருவாடு காயவைக்கும் வாடிகள் இருந்த நிலம் வேண்டும் என்றது. நோயாளிகளை இலவசமாகக் கொண்டுபோவோம் என்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துச் சொன்னார்கள். முதலில் சம்மதித்தவர் சாச்சா, என் வாப்பாவின் தம்பி. வீடு வீடாகப் போய் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. எழுத்தில் வாங்கினீர்களா என்று உம்மா கேட்டார்.

"பள்ளியில வச்சுச் சொன்ன பேச்சுக்கு எழுத்துக் கேக்கிறதா, மதினி? அப்ப நாம அவங்கள நம்பல்லண்டு ஆகும்."

எங்கள் ஊரில் படகு விற்பதும் சண்டை தீர்ப்பதும் அந்த முற்றத்துச் சொல்லோடு முடிந்துவிடும். வந்தவர்களுக்கு அது வெறும் முற்றம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைக்கு முட்டு வந்த அன்று சாச்சாவும் என்னோடு கம்பி வேலி வாசலில் நின்றார். "தம்பி, பிள்ளைக்கு ஏலாம இரிக்கி. வாக்குத் தந்துதானே நிலம் எடுத்தீங்க. என்ட கருவாடு காஞ்ச நிலம் இது."

காவலாளி சிரித்தான். "இது ஹோட்டல் ப்ளேன், காக்கா. ஊராள ஏத்த ஓடர் இல்ல. கருவாடு எண்டா கேட்டுப் பாக்கலாம்."

நான் மரியாதையாக நின்றேன். சத்தம் போடாதே என்றே வளர்க்கப்பட்டவள். படகில் போனோம். பாதிக் கடலில் அதே விமானம் தலைக்கு மேலாகப் போனது. உதடு நீலம் பாரித்திருந்த மகள் அதற்குக் கை காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். சாச்சா அதன்பின் முற்றத்தில் எதற்கும் வாய் திறக்கவில்லை. போன வருடம் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். சில நாள் அவர்மேல் கோபம் வரும். பொய் சொன்னவர்களை விட்டுவிட்டு நம்பியவரைக் கோபிப்பதா என்று மறுநாள் என்னையே திட்டிக்கொள்வேன்.

இப்போது பெரிய விமானம் வரப்போகிறதாம். ஓடுபாதையை இன்னும் நீட்ட எங்கள் வீடு இருக்கும் வளவும் வேண்டுமாம். அதே முற்றத்தில் அதே வாக்கை மறுபடி சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கேளுங்கள் என்றால், "பள்ளியில வச்சு எப்பிடிக் கேக்கிற?" என்கிறார் கணவர். வரும் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு முட்டு இன்னும் வருகிறது.

இப்படி நிலம் கேட்கப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள்: எழுத்தில் என்னென்ன கேட்க வேண்டும், யாரிடம் கையொப்பம் வாங்க வேண்டும்? எழுத்தில் தர அவர்கள் மறுத்தால், எங்கள் வளவை எப்படிக் காப்பாற்றுவது?