வில்மரின் உள்ளங்கை

கங்கின்மேல் இறைச்சி சுடும் கம்பித் தட்டுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வில்மர் தெச்சேரா முணுமுணுக்கிறான்: "பூனை சில்வேய்ரா... குட்டை அகோஸ்தா... மரக்கால் ரிவாஸ்..."

ஜெபம் இல்லை. அவன் சிறுவனாக இருந்தபோது துராஸ்னோ ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்த கால்பந்து அணி. கோல் காப்பவனில் தொடங்குவான். தற்காப்பு ஆட்டக்காரர்கள் முடிவதற்குள் கை சுட்டால் நெருப்பு அதிகம். நடுக்களத்தில் சுட்டால் விலா இறைச்சிக்குச் சரி. இடது ஓரத்தில் ஓடும் 'தந்தி' பெனீத்தெஸ் வரைக்கும் கை தாங்கினால் கங்கு போதாது.

வில்மருக்குக் கொத்தனார் வேலை. எந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு நெருப்பு மூட்டுவது அவன்தான். ஊரில் பளிங்கு பதித்த அடுப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தக் கை வேறு யாருக்கும் இல்லை என்பது அவன் அக்கா மிர்த்தாவின் தீர்மானம். ஞாயிறுதோறும் அவனுடைய கொல்லைக்கு முதலில் வருபவள் அவள்தான். மேசை விரிப்பின் நான்கு முனைகளும் சமமாகத் தொங்குகின்றனவா என்று பார்த்த பிறகே உட்காருவாள்.

அவன் உட்காரவே மாட்டான். ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியை வைத்து, நின்றபடி கடைசியாகச் சாப்பிடுவான். இறைச்சியை முள்கரண்டியால் குத்த மாட்டான். நெருப்பு மூட்டியவனைத் தவிர வேறு யாரும் கங்கைத் தொடக் கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்; வில்மர் அதில் இன்னும் கறார். மிர்த்தாவின் கணவர் எத்கார்தோ ஒருமுறை விறகொன்றைக் காலால் தள்ளிவிட்டார். "மச்சான், அடுத்தவன் நெருப்பும் அடுத்தவன் பல்குச்சியும் ஒண்ணுதான். கைய எடுங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவருக்குக் கொழுப்பை மட்டும் போட்டான்.

பள்ளி ஆசிரியரான எத்கார்தோ அகராதி பார்ப்பவர். இந்த இறைச்சி விருந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அசாதோ; அப்படியென்றால் வெறுமனே 'சுட்டது'. லத்தீனிலிருந்து வந்த சொல், அதன் வேரில் 'வறண்டது' என்கிற பொருள் இருக்கிறது, ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது என்று விளக்குவார்.

"மாடும் அதே கப்பல்லதான் வந்துச்சு மச்சான். ரெண்டும் வழியிலேயே பழகியிருக்கும்" என்பான் வில்மர். கசாப்புக்கடையில் அசாதோ கேட்டால் விலாப் பட்டையை வெட்டித் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அசாதோ என்றால் எல்லோரும் வர வேண்டும் என்று பொருள். "கறி, நெருப்பு, ஆளு. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் அது வெறும் சோத்து நேரம்தான்."

ஆட்கள் வருவதே கிண்டல் செய்யத்தான். "இந்த மாடு ஓய்வூதியம் வாங்கிட்டு இருந்துச்சா?" "உப்பு இன்னிக்கு லீவா?" வில்மர் பதிலுக்குக் கரியால் கோடு கிழித்து அவர்கள் சட்டையைப் பாழாக்குவான். கடைசியில் யாராவது "சுட்டவனுக்கு ஒரு கைதட்டு!" என்று கத்த, எல்லோரும் தட்டுவார்கள். அப்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவான்.

சர்க்கரை நோயால் அவன் பாதம் மரத்துப்போனது மிர்த்தாவுக்குத் தெரியும். கையைப் பற்றி அவன் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்களம் கடந்தது. தந்தி பெனீத்தெஸ் வந்துவிட்டான். "போதலையே" என்று இரும்புக் கோலால் இன்னும் கங்கை இழுத்துப் போட்டான். மறுபடி கை, மறுபடி பெனீத்தெஸ், மறுபடி கங்கு. கொழுப்பு சீறியது. புறங்கை மயிர் பொசுங்கும் வாடை அவள் மூக்குக்கு வந்தது. எத்கார்தோ பாதி எழுந்தார். மிர்த்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அடுத்தவன் நெருப்பு.

இறைச்சி வெளியே கரி, உள்ளே ரத்தம். எல்லோரும் மென்றார்கள். ஒருவரும் மாட்டைப் பழிக்கவில்லை. உப்பைக் கேலி செய்யவில்லை.

"பிரமாதம் வில்மர்" என்றார் எத்கார்தோ.

பிறகு கைதட்டினார்கள். எப்போதையும்விட நெடுநேரம், சிலர் எழுந்து நின்றுகூட. மிர்த்தாவும் தட்டினாள், தட்டும்போதே அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. வில்மர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தொப்பி தலையிலேயே இருந்தது.

எல்லோரும் போன பிறகு மேசை விரிப்பை அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வா."

"பாத்திரம் கெடக்குடா."

"வா சொல்றேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்து, மிச்சமிருந்த கங்குகளுக்கு மேலே அவள் உள்ளங்கையைக் கவிழ்த்தான். பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தான். "நீயும் சொல்லு" என்றான்.

"பூனை சில்வேய்ரா," என்றாள் மிர்த்தா. "குட்டை அகோஸ்தா..."

ரிவாஸின் பெயர் வருவதற்குள் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வில்மர் தன் கையை எடுக்கவில்லை. ரிவாஸைச் சொன்னான். நடுக்களத்தைச் சொன்னான். தந்தி பெனீத்தெஸைச் சொன்னான். பிறகு, அந்தக் கோப்பை ஆட்டத்தில் இறங்காமல் வெளியே பலகையில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.