பொம்மைக்குச் சொன்ன ஆசீர்வாதம்

தொண்டாமுத்தூர் போகும் சாலையில் ஒரு பேக்கரியில் நான் டீ மாஸ்டர். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். ஆட்களிடம் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிரமம். பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டால் லைட்டா, ஸ்ட்ராங்கா என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமுங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்கள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. கல்யாணம் அப்படியே நின்றுபோனது.

அக்கா மில்லில் வேலை பார்த்தவள். மாமா இறந்த பிறகு என்னுடைய லைன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுவாள்.

சாயங்காலம் ஒரு சீரியல் பார்ப்பாள். அதில் அண்ணனாக நடித்தவர் எங்கள் பக்கத்துக்காரர். எங்கள் பேக்கரியைத் தாண்டித்தான் அவருடைய தோட்டம். சீரியலில் அவர் தங்கச்சி வீட்டுக்குச் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் அக்கா அழுவாள். எங்கள் வீட்டில் அவள்தான் மூத்தவள். அண்ணன் என்று ஒருவர் அவளுக்கு இருந்ததே இல்லை. அந்த நடிகரை அவள் பேர் சொன்னதில்லை, அண்ணன் என்றே சொல்வாள்.

அந்த அண்ணன் ஒருநாள் செல்போன் வீடியோவில் வந்து, சர்க்கரை என்பது வியாதியே இல்லை, மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை என்றார். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். டாக்டர்கள் டிவியில் வந்து கண்டித்தார்கள். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். பேக்கரியில் இதே பேச்சுத்தான். "மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணு சர்க்கரை இருக்கறவனுக்கு, ஒண்ணு சர்க்கரையே இல்லைங்கறவனுக்கு!" என்று ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அக்கா மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டியிருந்தாள்.

சில மாதத்தில் செருப்பு வார் உரசி அவள் கால் விரலில் புண் வந்தது. ஆறவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். "மாத்திரை சாப்பிடுங்கம்மா. இல்லீன்னா காலை எடுக்க வேண்டி வந்துரும்" என்றார் அவர். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அண்ணன் சாப்பிடுன்னு சொல்லட்டும், நாளைக்கே சாப்பிடறேன் கண்ணு" என்றாள்.

அப்போதுதான், ஆட்களைக் கேலிக்காக ஏமாற்றிப் படம் பிடிப்பார்களே, அந்த மாதிரி ஒரு பிராங்க் வீடியோ வந்தது. டவுனுக்குள் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை திறக்க அந்த நடிகர் வந்திருக்கிறார். வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்ட ஒரு பையன் கும்பிட்டபடி ஓடுகிறான். "ஏனுங்கண்ணா, எங்கக்காளுக்குச் சர்க்கரைங்க. நீங்க சொன்னீங்கன்னு மாத்திரையை நிறுத்திப்போட்டமுங்க. காருக்குள்ள உக்காந்திருக்குதுங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கண்ணா" என்கிறான். வார்த்தைக்கு வார்த்தை ங்க. அவன் டவுன் பையன். எங்களைப் போன்றவர்கள் பேசுவதை நடித்துக் காட்டுகிறான். நடிகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறார். காருக்குள் இருட்டில், தலையில் முக்காடு போட்டு ஒரு உருவம். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதன் தலையில் வைத்து, "ஒண்ணும் ஆகாது கண்ணு. உடம்புல உயிரோட்டம் நல்லா இருக்குது" என்கிறார். பையன் முக்காட்டை இழுக்கிறான். கடையில் சேலை கட்டி நிறுத்தும் பொம்மை. அவர் முகம் சுருங்குவதை மூன்று தடவை மெதுவாக ஓட்டிக் காட்டி, ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள்.

ஊரே அவருக்குப் பொம்மை டாக்டர் என்று பேர் வைத்துவிட்டது. எனக்குள் ஒரு நிம்மதி. இதைப் பார்த்தால் அக்கா மனம் மாறிவிடும் என்று நானே போனை அவளிடம் கொடுத்தேன்.

பார்த்து முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "யாருன்னு மூஞ்சியக்கூடப் பாக்காம ஓடி வந்து கை வெச்சாரு பாரு. அவரைப் போயி இந்தப் பாடு படுத்தறானுங்களே" என்றாள். பிறகு, "இந்த நேரத்துல நானும் மாத்திரையை எடுத்துட்டா, அவரை நானும் கை விட்ட மாதிரி ஆயிரும் கண்ணு" என்றாள்.

புண் கறுக்க ஆரம்பித்தது. அவரிடமே கேட்டுவிடுவது தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. தோட்டத்துக்குப் போகும்போது அவர் எங்கள் கடையில் டீ குடிப்பது வழக்கம். வீடியோ வந்த பிறகு இறங்குவதில்லை. டிரைவர் வந்து வாங்கிப் போவார். ஒருநாள் பத்து மணிவாக்கில் கார் வந்து நின்றது. டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டு நானே கிளாஸை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை இறக்கினார். திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, எங்கக்காளுக்குச் சர்க்கரைங்க. நீங்க சொன்னீங்கன்னு மாத்திரையை நிறுத்திப்போட்டாங்க. ஒரு வார்த்தை..."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், நான் சொல்வது அந்தப் பையன் சொன்ன அதே வார்த்தைகள் என்று எனக்கு உறைத்தது.

"கேமரா எங்க?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. நெசமாலுமே எங்கக்காதானுங்க..."

"எங்கடா வெச்சிருக்க? சட்டைப் பையிலயா?" என் பையில் செல்போன் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை நடுங்கியது. "இன்னும் எத்தனை பேருடா வருவீங்க? எனக்கும் வயசாயிருச்சுடா" என்றார். அது அதட்டல் இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. கையை வீசினார். டீ என் கையில் கொட்டி, கிளாஸ் விழுந்து உடைந்தது.

ங்க போடாமல் வேறு மாதிரி பேசியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. எனக்கு வேறு மாதிரி பேச வராது. டிரைவர் ஓடி வந்து ஏறினார். கார் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால், கடையில் இருந்தவர்கள் கையில் போன்கள். "அடேயப்பா, மாஸ்டர்! ஊமையாட்டம் இருந்துட்டு நீங்களே பிராங்க்ல இறங்கிட்டீங்களா!" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் குனிந்து கிளாஸ் சில்லுகளைப் பொறுக்கினேன். மதியத்துக்குள் அது பரவிவிட்டது. பொம்மை டாக்டரைக் கலாய்த்த டீ மாஸ்டர் என்று மேலே எழுதியிருந்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகுமுன் பக்கத்து வீட்டு அம்மா அக்காவிடம் காட்டியிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"வாங்க. சாப்படறீங்களா?" என்றாள்.

என்னை அவள் கண்ணு என்றும் சாமி என்றும்தான் கூப்பிடுவாள். திட்டினாலும் டா போட்டுத் திட்டுவாள். அன்று வழி கேட்டு வந்த ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அக்கா, அது பிராங்க் இல்லீங்க. உங்களுக்காகத்தான் கேட்டனுங்க."

"என்ற புண்ணு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?" என்றாள். சோறு போட்டாள். நொண்டிக்கொண்டே ரசம் கொண்டுவந்து வைத்தாள்.

காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடிந்தது. பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நர்ஸ் ஊசி போட வரும்போதெல்லாம் மறுக்காமல் கையை நீட்டினாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், கார் பக்கத்தில் நடந்ததை முதலிலிருந்து அவளிடம் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவரு கை நடுங்குச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கக்கா."

"கொதிக்கற டீயாச்சே. அவரு மேல ஊத்திருச்சா?"

"இல்லீங்க. என் கையிலதான்."

என் பக்கம் திரும்பிப் படுத்து, "எங்க, காட்டு" என்றாள். டீ மாஸ்டர் கையில் எந்தத் தழும்பு எப்போது வந்தது என்று யார் சொல்ல முடியும்? அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. கையை விடாமலே தூங்கிவிட்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

நடிகர் தோட்டத்தை விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். என் வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எடுத்தவர் தினமும் டீக்கு வருபவர்தான். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அதை அழித்துவிடச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"எதுக்குங்க மாஸ்டர்? உங்களை யாருமே திட்டலியே. எல்லாரும் சூப்பர்னுதான போட்டிருக்காங்க" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு அவருக்கு டீ ஆற்றினேன்.