மறுகாலுக்கு வெட்டிய கிடாய்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க்கூட்டம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தது. கண்மாய் நிறையாததற்கு மழை காரணமில்லையாம். மேற்கே கரட்டுக் குன்றில் நிற்கிற உடைமரமும் வெள்வேலமரமும்தான் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடுகின்றனவாம். இதைச் சொன்னவர் கோவில்பட்டி விறகு வியாபாரி. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

"மரம் ராவும் பகலும் குடிக்குதுல்லா அண்ணாச்சி! வெட்டிட்டா அம்புட்டுத் தண்ணியும் உங்க கண்மாய்க்குத்தான்."

வெட்டலாம் என்று முதலில் கை தூக்கியவன் நான். கண்மாய்க்குக் கீழே என் முக்கால் ஏக்கர் வருஷக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. கம்பும் சோளமும் தின்று சலித்த வீட்டில் ஒரு தடவையாவது சொந்த நெல்லில் சோறு பொங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

கரடு மொட்டையானது. ஐப்பசியில் ஒரே பகல் மழை. ஓடை கலங்கிப் புரண்டு வந்து, சாயங்காலத்துக்குள் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்து மறுகால் பாய்ந்தது. மறுகால் பாய்ந்தால் கரையிலிருக்கிற அம்மனுக்குக் கிடாய் வெட்டுவது எங்கள் வழக்கம். வெட்டினோம். வியாபாரிக்கு மாலையும் போட்டோம். போட்டவன் நான்தான்.

என் பெண்டாட்டி மட்டும் கேட்டாள்: "நாலு மழைக்கும் நெறையாத கண்மாய் ஒத்த மழையில நெறஞ்சிட்டுன்னா, உள்ள என்ன கெடக்குன்னு பாத்தியளா?"

"ஏட்டி, கறியத் தின்னுட்டுச் சும்மா கெட" என்றேன்.

நாற்று நட்டேன். மார்கழி பாதியிலேயே மடையில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. முன்பெல்லாம் மழை விட்ட பிறகும் ஓடையில் ஒரு மாதம் கசிந்து வரும். இப்போது அதுவும் இல்லை. கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தேன். மடையில் ஐந்து படி உண்டு; மூன்றுதான் தெரிந்தது. மற்ற இரண்டும், மொட்டைக் கரட்டிலிருந்து மழை அரித்து வந்த மண்ணுக்குள். சேற்றுக்குக் கிடாய் வெட்டிய ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் கருகியது. அழுகை வந்தது, பக்கத்து வயல்காரன் பார்த்துவிடுவானே என்று அடக்கிக்கொண்டேன். அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.

அடுத்த ஐப்பசியில் கண்மாய் மத்தியானத்துக்குள்ளேயே மறுகால் பாய்ந்தது. ஊர் மறுபடியும் கிடாய் பிடிக்கப் போனது. நானும் போனேன். உள்ளே கிடப்பது மண் என்று சொன்னால், மரத்தை வெட்ட முதலில் கை தூக்கியவன் யார் என்று கேட்பார்களே! வாயைத் திறக்காமல் என் பங்குக் கறியை வாங்கி வந்தேன்.

பெண்டாட்டி குழம்பு வைத்து, தட்டை என் முன்னால் தள்ளினாள்.

"கறி இருக்கு, தின்னுங்க. சோறுதான் கம்பு."