ஓடைக்கு அக்கரையில் மகள்

அமீரகத்தின் புஜைராவில் மழை பெய்தால் யாரும் வீட்டில் இருப்பதில்லை. மற்ற ஊர்களில் மழைக்கு ஒதுங்குவார்கள். அங்கே மழையைத் தேடி மலைக்கு வண்டியை விரட்டுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, நாங்களும் போனோம்.

என் கணவருக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. எங்களிடம் இருந்தது தார்ச்சாலையை விட்டு இறங்காத சின்னக் கார். அதனால், கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து நண்பரின் ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் கிளம்பினோம். எங்களுக்கு அவர் பாய். அவருக்கு நான் அக்கா. பின்சீட்டில் நானும் பதின்மூன்று வயது மகளும்.

பள்ளத்தாக்குக்குள் பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. வற்றிய ஓடையின் கூழாங்கல் படுகைதான் பாதை, அரபியில் அதை வாதி என்பார்கள். இரண்டு பக்கமும் நிமிர்ந்த பாறைச் சுவர்கள் மழையில் கருத்துப் பளபளத்தன. வண்டி ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கியபோது கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை நான் விடவேயில்லை.

"அக்கா, அதக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிறாதீங்க. வண்டியோட சாமான்," என்றார் பாய்.

"அங்கிள், அம்மா ஆல்ரெடி ப்ரே பண்ண ஆரம்பிச்சாச்சு. ப்ளீஸ், ஸ்லோவா போங்க," என்றாள் மகள்.

"ஸ்லோவா போனா சரளைக்கல்லுல சிக்கும். யல்லா, போவோம்!" என்று பாய் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினார்.

சற்று நேரத்தில் மழை நின்று வெயில் அடித்தது. ஒரு திருப்பத்தில், படுகையின் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் ஆழம்தான். ஆனாலும் எனக்கு அது ஆறு. நான் காவிரிக் கரைக்காரி. புதுத் தண்ணீர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட வேண்டும், தண்ணீருக்குப் பூப்போட வேண்டும். அன்று காலை மழை பிடித்ததுமே புளியோதரையும் தேங்காய் சாதமும் கிளறிக் கட்டியிருந்தேன்.

பாய் வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினார். நாங்கள் கீழே, தண்ணீரை ஒட்டிப் போர்வை விரித்தோம். மழைதான் விட்டுவிட்டதே என்று எல்லோருமே நினைத்தோம். எங்கள் ஊரில் அணை திறந்த சேதி முதலில் வரும், தண்ணீர் ஆற அமரப் பின்னால் வரும். மழையை உறிஞ்ச மண்ணே இல்லாத மொட்டைப் பாறை மலைக்கும் அந்தக் கணக்கையே போட்டோம்.

"சாப்பாடு சரி. ஆத்துக்குப் பூ? அதுக்கு இனிமே யாரு மார்க்கெட் போறது?" என்று கணவர் சீண்டினார்.

"அதோ இருக்குப்பா!" எதிர்க்கரையில் அரளி பூத்திருந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. "லாரி ஏதாவது வருதா?" என்றார் கணவர். வாய்க்குக் கொண்டுபோன கவளம் அப்படியே நிற்க, பாய் மலைப்பக்கம் திரும்பினார்.

"யா அல்லா, தண்ணி! எல்லாத்தையும் விட்டுட்டு மேல ஏறுங்க!"

முதலில் நுரை வந்தது. பிறகு சுள்ளி, ஆட்டுப் புழுக்கை, பிளாஸ்டிக் டப்பா, பின்னாலேயே காப்பிக்கொட்டை நிறத்தில் வெள்ளம். நாங்கள் மேட்டில் ஏறித் திரும்புவதற்குள் போர்வையும் பாத்திரங்களும் போய்விட்டன. மகள் அக்கரையில், ஒரு தாழ்ந்த பாறையில் நின்றிருந்தாள்.

"வராத! வராத!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அவளும் வாயைத் திறந்து அழுதது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கணவர் இறங்கப் போனார். பாய் அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, நீங்க இறங்கினா புள்ளையும் இறங்கும்!"

நான் கரையோரமாக ஓடினேன். அவளும் என்னோடு ஓடினாள். எங்காவது குறுகலாக இருந்தால் என்னிடம் தாவிவிடலாம் என்று தேடுகிறாள் என்பது புரிந்தபோது அவளுடைய ஒரு கால் தண்ணீருக்குள் இருந்தது. நான் நின்றேன். அவளும் நின்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, அவள் என்னைத்தான் பார்த்துச் செய்கிறாள் என்று. தண்ணீரை ஒட்டி நான் வைக்கும் ஒவ்வொரு அடியும் அவளைத் தண்ணீருக்குள் இழுக்கிறது.

பெற்ற வயிற்றுக்கு எதிராகச் செய்த காரியம் என் வாழ்வில் அது ஒன்றுதான். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னாலிருந்த பாறையில் ஏறினேன். ஏறி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பார்த்தபோது அவளும் ஏறிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் மேலே போனேன். அவளும் போனாள். நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.

வெள்ளம் வடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். மழை மறுபடி தூறியது. முகத்தைத் துடைத்தால் எழுந்திருப்பதாக நினைத்துவிடுவாளோ என்று துடைக்கக்கூட இல்லை. அவளுக்கு இன்று சொந்தமாக வீடும் வேலையும் உண்டு. ஆனாலும் அவள் ஊரில் மழை என்று கேட்டால், உடனே போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்பேன்.

சாயங்காலம் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கணவர் வண்டிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைப் பாய் பிடித்திருக்க, அக்கரைக்குப் போனார். மகளின் தோளைத் தொட்டார், கையை நீட்டினார், ஏதோ சொன்னார். அவள் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தால் அவள் எழுவாள். ஆனால் கால் எனக்கு எழவில்லை. கைகளை ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. அதுவரை என்னிடம் எட்ட நின்றே பேசிப் பழகிய பாய், கயிற்றை வண்டியில் முடிச்சுப் போட்டுவிட்டுப் பாறைமேல் ஏறி வந்தார். "எந்திரிங்கக்கா, புள்ள பாக்குது," என்று என் இரண்டு கைகளையும் பிடித்து நிமிர்த்தினார்.

அக்கரையில் அவள் எழுந்தாள்.