சுவரில் தெரிந்த முதுகு

1979 ஆகஸ்டு 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று முதல் எங்கள் தேவாலயப் பங்கில் என்னைப் புகைப்படத் திருடன் என்கிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்டுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாடு விளங்காதவர்களுக்காகவே, உண்மையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள தேவாலய மண்டபத்தில் பங்கு விழா. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பழைய புகைப்படம் கொண்டுவந்திருந்தது. பள்ளியில் இரவல் வாங்கிய படங்காட்டும் கருவி என் பொறுப்பு. அதன் தட்டில் படத்தை வைத்து உள்ளே தள்ளினால், அது சுவரில் ஆளுயரத்துக்குத் தெரியும். தட்டை இழுத்தால் சுவர் வெறுமையாகிவிடும். அந்தக் கருவி எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. காட்டி முடித்த படத்தை உரியவர் கையில் அப்போதே கொடுத்துவிடுவேன்.

பிற்பகல் மூன்று மணி. சன்னல்களை மூடித் திரை இழுத்திருந்தோம். தோ பாயோவிலிருந்து வந்திருந்த பிலோமினம்மாள் ஒரு படத்தை நீட்டினார். துறைமுகத்தில் தவறி விழுந்து, உடலும் கிடைக்காமற்போன அவருடைய கணவர் சூசைநாதன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம். அவரிடம் இருந்தது அந்த ஒரே படந்தான்.

"ஒரு தடவ பெருசாப் பாத்துக்கறேன் சார்," என்றார்.

இருட்டில் வாங்கித் தட்டில் வைத்தேன். தள்ளினேன். டக்.

சுவரில் ஒரு முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை. ஈரமான பின்னந்தலை...

"முகத்தக் காட்டுங்க சார்."

"சார் கவுத்து வச்சிட்டாரு லா," என்றார் விளக்கருகில் நின்ற எட்மண்ட், என் பழைய மாணவர். "நாங்க தப்பு பண்ணா மட்டும் பெஞ்சு மேல ஏத்துவாரு."

சிலர் சிரித்தார்கள்.

தட்டை இழுத்தேன். எட்மண்ட் சொன்னது சரி. படம் கவிழ்ந்துதான் கிடந்தது.

ஆனால், கவிழ்ந்த படத்தில் வெள்ளைத் தாள் மட்டுமே தெரிய வேண்டும். தடவிப் பார்த்தேன். வெறுந்தாள்.

அப்படியானால், சுவரில் யார்...

திருப்பி வைத்தேன். தள்ளினேன்.

டக்.

நாற்காலி தெரிந்தது.

நாற்காலி மட்டும்.

"எங்க சார் அவரு?"

எவரும் சிரிக்கவில்லை.

எட்மண்ட் விளக்கைப் போட்டார். என் கையிலிருந்த படத்திலும் வெறும் நாற்காலிதான். பிலோமினம்மாள் அதை வாங்கவே இல்லை. "என் படத்தக் குடுத்துருங்க சார்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாளே, நான் படத்தை மாற்றிவிட்டதாகப் பேச்சுக் கிளம்பியது.

ஐந்தாண்டுகள் கழித்து, சென்ற மாதம், எட்மண்ட் என் வீட்டுக்கு வந்தார். அன்று மண்டபத்தில் அவர் காட்டிய படத்தை நீட்டினார். கேலாங்கில் அவருடைய பெற்றோர் இருவர் மட்டும் நிற்கும் படம். இப்போது அதில், கதவோரம், மூன்றாவதாக ஒருவர். வெள்ளைச் சட்டை. முதுகு.

"இவரு எங்க ஆளு இல்ல சார்."

உடனே தோ பாயோவுக்குப் புறப்பட்டோம். வழிநெடுகப் படம் என் கையில்தான் இருந்தது. பிலோமினம்மாள் கதவைத் திறந்தபோது, அதில் இருவர்தான் இருந்தனர்.

வாசகரே, அன்று அம்மண்டபத்தில் படம் காட்டியவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் ஆல்பத்தை இப்போதே திறவுங்கள். முதுகு காட்டி ஒருவர் நின்றால், அந்தப் படத்தை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். பிலோமினம்மாளை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சூசைநாதன் திரும்பிப் பார்க்கும்வரை, அந்த அம்மாவை அப்படத்தின் முன்னே உட்கார வையுங்கள்.